பின்பக்க இடது ஸ்பீக்கர்

எனக்கு ஒரு இடத்துல உக்காரத் தெரியாது. வீட்டுக்கு வந்து ரெண்டு மாசம் தாண்டிட்டுன்னா கால் தன்னால நடக்க ஆரம்பிச்சிரும். வாசல்ல இருந்து அடுக்களை, அடுக்களையில இருந்து மாடி, மாடியில இருந்து மறுபடி வாசல். என் பொண்டாட்டி மீன் அறுத்துக்கிட்டே நிமிந்து பாப்பா. முப்பது வருஷமா கப்பல் இஞ்சின் ரூம்ல வேலை எனக்கு. ஏழெட்டு மாசம் கடல், மூணு நாலு மாசம் தூத்துக்குடி. ஒரே மகளையும் கட்டிக் குடுத்தாச்சு. வீட்டுல நாங்க ரெண்டு பேருதான், நடக்கதுக்கு எடம் நெறைய கெடக்கு.

இந்தத் தடவ கால் ஓயாததுக்கு வேற காரணம் இருந்துச்சு. கம்பெனியில இருந்து போன் வந்துட்டு. கப்பல் ரெடி, பன்னெண்டு நாள்ல மெடிக்கல், பாஸ் ஆனா ஒடனே கெளம்பணும். கண்ணு, நெஞ்சு, ரத்தம் எதுக்கும் எனக்குப் பயம் இல்ல. காதுதான்.

போன மெடிக்கல்ல நான் எப்படிப் பாஸ் ஆனேன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும். ஒரு சின்னக் கண்ணாடி ரூம்ல உக்கார வச்சு, காதுல ஹெட்போன் மாட்டி, கையில ஒரு பட்டன் குடுப்பாங்க. வெளிய ஒரு பொண்ணு மெஷின்ல சத்தம் போடும். கேட்டா அமுக்கணும். அந்தப் பொண்ணு ஒவ்வொரு தடவ சத்தம் போடும்போதும் அதோட முழங்கை லேசா அசையும். நான் முழங்கையப் பாத்து அமுக்கிட்டேன். இஞ்சின் ரூம்காரங்கள்ல பாதிப் பேருக்கு இந்த வித்தை தெரியும். சாப்பாட்டு மேசையில இதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். ஆனா அன்னைக்கு எத்தன சத்தம் காதால கேட்டுச்சு, எத்தன கண்ணால கேட்டுச்சுன்னு நான் யார்ட்டயும் சொல்லல. கப்பல விட்டா எனக்கு வேற ஒண்ணுமே தெரியாது. அம்பத்து மூணு வயசுல வீட்டுல உக்காந்து என்னத்தச் செய்ய?

அதனாலதான் ஹோம் தியேட்டர் வாங்கக் கெளம்புனேன். முன்னால மூணு, பின்னால ரெண்டு, எல்லாத்துலயும் தனித்தனியா சத்தம் வரும். நடுவுல உக்காந்து எல்லாம் கேட்டுட்டுன்னா என் காது நல்லாருக்குன்னு அர்த்தம். மெடிக்கலுக்கு முன்னாலயே எனக்கு நானே ஒரு மெடிக்கல். பொண்டாட்டிட்ட, "இப்ப வார டிவியெல்லாம் வெறும் தகர டப்பா, பேசுதது ஒண்ணும் வெளங்க மாட்டேங்கு. நல்ல ஸ்பீக்கர் வாங்கணும்"னு சொன்னேன். அவ என்னையே கொஞ்ச நேரம் பாத்துட்டு, "வாங்குங்க"ன்னா. எதுக்கு, என்னத்துக்குன்னு ஒரு வார்த்த கேக்கல. அப்பவே எனக்குச் சந்தேகம் வந்திருக்கணும்.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடை. கீழ ஃபேனும் மிக்சியும், மாடியில கம்பளம் ஒட்டுன ஒரு இருட்டு ரூம். கடைக்கார அண்ணாச்சிக்கு என் வயசுதான் இருக்கும். நெத்தியில திருநீறு, சட்டைப் பையில அளக்குத டேப். நல்ல பொறுமைசாலி. அந்தப் பொறுமையே எனக்கு எரிச்சலா இருந்துச்சு.

"ரூம் என்ன அளவு அண்ணாச்சி?"

"பன்னெண்டுக்குப் பதினாலு."

"அப்ப எட்டு இஞ்சு சப்வூஃபர் போதும்"னு சொல்லி ஒரு கறுப்புப் பெட்டியப் போட்டுக் காட்டுனாரு. குண்டு சத்தத்த மட்டும் தனியாத் தாரதுதான் சப்வூஃபர். நான் உக்காந்து கேக்கல. எந்திரிச்சுப் போயி பெட்டி மேல உள்ளங்கைய வச்சேன். கப்பல்ல அப்படித்தான். காதுல பெரிய மூடி மாட்டியிருப்போம், ஒருத்தர் பேசுதது ஒருத்தருக்குக் கேக்காது. பம்பு நல்லா ஓடுதா, பேரிங் போகப் போகுதான்னு கைதான் சொல்லும். எட்டு இஞ்சு என் கைக்குப் பத்தல.

"பெரிசு எடுங்க."

பன்னெண்டு இஞ்சப் போட்டாரு. கைய வச்ச ஒடனே முழங்கை வரைக்கும் ஏறிச்சு. கப்பல் தொறமுகத்துல இருந்து மெதுவா நகரும்போது இஞ்சின் ரூம் தரையில வருமே, அதே நடுக்கம். மூணு மாசத்துக்கு அப்புறம் அன்னைக்குத்தான் என் ஒடம்பு ஒரு நிமிஷம் சும்மா நின்னுச்சு.

"இதுதான். பில் போடுங்க."

"அண்ணாச்சி, உங்க ரூமுக்கு இது ரொம்ப அதிகம். சன்னலெல்லாம் ஆடும்."

"ஆடட்டுமே. உமக்கென்ன?"

அவரு சிரிச்சிட்டு விட்டுட்டாரு. அதுவரைக்கும் நல்லாத்தான் போச்சு. அடுத்தாப்புல சின்ன ஸ்பீக்கர்கள். அஞ்சையும் அததுக்குரிய எடத்துல வச்சு, என்னை நடு நாற்காலியில உக்கார வச்சாரு. "ஒரு சின்ன மணி அண்ணாச்சி. உங்களச் சுத்தி வரும். கண்ண மூடிக் கேளுங்க"ன்னாரு.

நான் கண்ண மூடல. மணி எனக்கு முன்னால ஆரம்பிச்சு, வலது பக்கம் போயி, வலது பின்னால போச்சு. அப்புறம் காணோம். கொஞ்ச நேரம் கழிச்சு முன்னால வந்து நின்னுச்சு.

"இடது பின்னால உள்ளது ஓடல"ன்னேன்.

"ஓடுதே அண்ணாச்சி."

"ஓடலங்கேன், ஓடுதுங்கிய!"

கீழ எறங்கி பைக் பெட்டியில இருந்து என்னோட நீள ஸ்க்ரூ டிரைவர எடுத்துட்டு வந்தேன். இது இல்லாம நான் எங்கயும் போக மாட்டேன். மொனைய மெஷின்ல வச்சு, கைப்பிடிய காதுக்குப் பின்னால எலும்புல அழுத்துனா உள்ள என்ன நடக்குன்னு தெரியும். கப்பல்ல எத்தனையோ பேரிங்கக் கெட்டுப் போறதுக்கு முன்னாலயே இத வச்சுத்தான் பிடிச்சிருக்கேன். புது ஸ்பீக்கர் மேல ஸ்க்ரூ டிரைவர வச்சதும் அண்ணாச்சி மொகம் போன போக்கப் பாக்கணுமே! எனக்கு அதுவா முக்கியம்? இடது காதுக்குப் பின்னால அழுத்துன கைப்பிடியில அதிர்வு வந்துச்சு. மணிச் சத்தம் வரல.

"கரண்டு வருது, உள்ள ஆட்டம் இருக்கு. ட்வீட்டர் போயிட்டு. கீச்சுச் சத்தம் தார சின்ன ஸ்பீக்கர் இருக்குல்லா, அது எரிஞ்சு போச்சு"ன்னு நான் தீர்ப்பே சொல்லிட்டேன்.

இன்னொண்ணு மாத்துனாரு. அதுலயும் ட்வீட்டர் போயிட்டுன்னேன். குடோன்ல இருந்து மூணாவதா ஒண்ணு கொண்டுவந்து, பெட்டியில ஒட்டியிருந்த டேப்ப என் கண்ணு முன்னால கிழிச்சு மாட்டுனாரு. மணி சுத்திச்சு. வலது பின்னால போயி காணாமப் போச்சு.

"என்ன கம்பெனி சாமான் விக்கிய நீங்க? மூணும் சவமாட்டு இருக்கு!"

கடைக்காரர் ரிமோட்டக் கையில வச்சுக்கிட்டு என்னப் பாக்காம சொன்னாரு. "மூணும் புதுசு அண்ணாச்சி. நீங்க வேணா நாளைக்கு வீட்டுல உள்ளவங்களக் கூட்டிட்டு வாங்களேன்."

படியில தடதடன்னு எறங்கி வந்துட்டேன். பைக்க வீட்டுக்கு விடல. கடற்கரை ரோட்டுல போயி திரும்பி, மறுபடி போயி திரும்பி, பெட்ரோல் தீருத மட்டும் சுத்துனேன். கோயில் மணி அடிச்சுச்சு. நல்லா, தெளிவாக் கேட்டுச்சு. 'பாத்தியாலே, உன் காதுக்கு ஒண்ணும் இல்ல'ன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அது எவ்வளவு பெரிய மணின்னு அப்ப நெனப்பு வரல.

மறுநாள் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போனேன். என்ன நடந்துச்சுன்னு சொல்லல. "ஸ்பீக்கர் கெட்டுப் போயிருக்கு, அந்த ஆளு ஒத்துக்க மாட்டேங்காரு. நீ வந்து சொல்லு"ன்னு மட்டும் சொன்னேன். ரெண்டு நாற்காலி போட்டாரு, அவ என் இடது பக்கம் உக்காந்தா. மணி ஆரம்பிச்சுச்சு. நான் மணியக் கேக்கல, அவ மொகத்தையே பாத்துக்கிட்டு இருந்தேன். அவ கண்ணு வலது பக்கம் போச்சு. வலது பின்னால போச்சு. நிக்கல. அப்படியே இடது பின்னால வந்து, இடது முன்னால வந்து, நடுவுல வந்து நின்னுச்சு.

"பாத்தியா? இடது பின்னால உள்ளது ஓடல, என்ன?"ன்னு சத்தமாக் கேட்டேன். கேட்கத்தான் செஞ்சேன், கெஞ்சுத மாதிரிதான் இருந்திருக்கும்.

அவ கட்ட வெரல ஒசத்திக் காட்டுனா. இஞ்சின் ரூம்ல அதுக்கு 'ஓடுது'ன்னு அர்த்தம்.

அந்தக் கைச்சாடைய அவளுக்குச் சொல்லிக் குடுத்தது நான்தான். சாப்பிட வாங்கன்னா வெரலக் குவிச்சு வாய்ட்ட கொண்டு போவா. தண்ணி மோட்டார் ஓடுதுன்னா ஒரு வெரலால மேல காட்டுவா. நேரமாச்சுன்னா மணிக்கட்டத் தட்டுவா. வீட்டுக்குள்ள இந்த அறையில இருந்து அந்த அறைக்கு எல்லாமே சாடைதான். 'என் பொண்டாட்டியும் இஞ்சின் ரூம் பாஷை பேசுதா'ன்னு கப்பல்ல பெருமை அடிச்சிருக்கேன். ஒரு மூணு வருஷமாத்தான் இந்தப் பழக்கம். ஆனா கடையில நாங்க பக்கத்துப் பக்கத்து நாற்காலியில உக்காந்திருக்கோம். கைய நீட்டுனா தொடலாம். எதுக்குச் சாடை?

இன்னொண்ணும் அப்பதான் ஒறச்சுது. எங்க தெருவுல சங்கு குளிக்கப் போறவங்க உண்டு. ஆழத்துல மூழ்கி மூழ்கி அவங்களுக்குக் காது மந்தமாயிரும். அதனால கூப்பிட்டும் திரும்பாதவன, "என்ன, சங்கு குளிச்சியா?"ன்னு கேலி பண்ணுவோம். கல்யாணம் ஆன நாள்ல இருந்து அவ என்ன ஆயிரம் தடவ அப்படிக் கேட்டிருப்பா. மூணு வருஷமா ஒரு தடவ கூடக் கேக்கல.

எல்லாம் வெளங்கிட்டு. வெளங்குனா நான் என்ன செய்வேன்? கோவந்தான் வந்துச்சு.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? வாயத் தெறந்து பேசுளா!"

அவ எந்திரிச்சா. என் நாற்காலியச் சுத்தி வலது பக்கம் வந்து நின்னு, "ஓடுதுங்க. நல்லா ஓடுது"ன்னா. கடைக்கார அண்ணாச்சி வயரச் சுத்துத மாதிரி தரையப் பாத்துக் குனிஞ்சிட்டாரு.

பில்லப் போடச் சொல்லி வாங்கிட்டேன். அன்னைக்குச் சாயங்காலமே கடைக்காரரே வீட்டுக்கு வந்து எல்லாத்தையும் மாட்டுனாரு. நூல் பிடிச்சு அளந்து, பின்னால உள்ள ரெண்டையும் தாங்கியில நிறுத்துனாரு. போகும்போது மெதுவா, "ரிமோட்டுல இடது பின்பக்கத்த மட்டும் கொஞ்சம் கூட்டி வைக்கலாம் அண்ணாச்சி. வச்சிரட்டுமா?"ன்னு கேட்டாரு. நல்ல மனுஷன். நான் பட்டுன்னு, "வேண்டாம், எல்லாம் சமமா இருக்கட்டும்"னுட்டேன்.

அடுத்த ஒரு வாரம் நான் நடக்கல. நடு நாற்காலியில உக்காந்து அந்த மணியவே போட்டுப் போட்டுப் பாத்தேன். ரெண்டு நாள்லயே அதோட கணக்கு பிடிபட்டுட்டு. ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு எண்ணுத நேரம் நிக்கும். எண்ணிக்கிட்டே வந்தா மணி எங்க இருக்குன்னு கேக்காமலே சொல்லிரலாம். வெரலால நாற்காலிக் கையில தட்டித் தட்டிப் பழகுனேன். முழங்கை தெரிஞ்சா முழங்கை, தெரியலன்னா எண்ணிக்கை. எப்படியும் பாஸ் ஆயிரலாம்னு தைரியம் வந்துச்சு. மனசு ஆறாத நேரத்துல சப்வூஃபர் மேல கைய வச்சுக்கிட்டு உக்காந்திருப்பேன். அலமாரியில கண்ணாடிக் கோப்பையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒரசிக் கிணுகிணுங்குமாம். எனக்கு அது தெரியாது. அவ நடுநடுவுல துணியச் சொருகி வச்சிருந்ததப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கிட்டேன்.

மெடிக்கலுக்கு ரெண்டு நாள் முன்னால. பாட்டு, மணி ஒண்ணும் ஓடல, வீடு அமைதியா இருக்கு. தண்ணி குடிக்க எந்திரிச்சுத் திரும்புனா, இடது ஸ்பீக்கர் பக்கத்துல அவ நிக்கா. ஒதடு அசையுது.

"எவ்வளவு நேரமா நிக்க?"

"நாலு தடவ கூப்பிட்டாச்சு."

"சத்தமாக் கூப்பிட வேண்டியதுதான?"

"சத்தமாத்தான் கூப்பிட்டேன்." சேல முந்தானைய முறுக்குனா. அப்புறம் கேட்டா, "கப்பல்ல பின்னால இருந்து ஒருத்தன் 'தொறக்காதீங்க'ன்னு கத்துனா என்ன செய்விய?"

"அங்க எல்லாரும் கை காட்டித்தான் பேசுவோம்."

"கை காட்ட நேரம் இல்லன்னா?"

அவ எதக் கேக்கான்னு எனக்குத் தெரியும். போன தடவ ஒரு நாள் நான் ஒரு வால்வத் தெறக்கப் போனேன். பின்னால இருந்து ஃபிட்டர் ஓடி வந்து என் காலரப் பிடிச்சு இழுத்துட்டான். அந்தப் பக்கம் ஆவி அடச்சுக்கிட்டு இருந்திருக்கு. தெறந்திருந்தா நான் மட்டும் இல்ல, எதுத்தாப்புல நின்ன பையனும் வெந்திருப்பான். 'மூணு தடவ கத்துனேன் சார்'னு ஃபிட்டர் சொன்னான். இத நான் வீட்டுல வந்து சிரிப்பாச் சொன்னேன், எப்படிச் சட்ட கிழிஞ்சுதுன்னு. அவ அன்னைக்கும் சிரிக்கல.

"என்ன மொடக்கி வீட்டுல உக்கார வைக்கப் பாக்கியா?"ன்னு கத்துனேன். தெருவுக்கே கேட்டிருக்கும். அவ அடுக்களைக்குப் போயிட்டா. எனக்கு என் மேலயே வெறுப்பா இருந்துச்சு. ஆனாலும் போயி ஒரு வார்த்த சொல்லல.

மெடிக்கல் அன்னைக்கு ஹார்பர் ரோட்டுல பைக்குல போனேன். ரெண்டு பக்கமும் உப்புக் குவியல், பின்னால முன்னால எல்லாம் கண்டெய்னர் லாரி. லாரி ஹாரன் நல்லாக் கேட்டுச்சு. அந்த மாதிரிக் குண்டு சத்தம் எல்லாமே எனக்குக் கேக்கும், அதுதான் இத்தன நாளா என்ன ஏமாத்திட்டு.

கண்ணு, நெஞ்சு எல்லாம் முடிஞ்சு கடைசியில அதே கண்ணாடி ரூம். வேற பொண்ணு. ஹெட்போன மாட்டி, பட்டனக் கையில குடுத்துட்டு வெளிய போயி உக்காந்துச்சு. அதோட முழங்கை எனக்கு நல்லாத் தெரிஞ்சுது. முதல் சத்தத்துக்கு முழங்கை அசஞ்சுது. கேட்டுச்சு, அமுக்குனேன். ரெண்டாவது அசஞ்சுது. கேட்டுச்சான்னு தெரியல, வெரல் தன்னால அமுக்கப் போச்சு.

கழுத்துக்குப் பின்னால அந்த ஃபிட்டரோட கை விழுந்த எடம் அப்ப சுள்ளுன்னுச்சு. எதுத்தாப்புல நின்ன பையனுக்கு இருபத்திரெண்டு வயசு கூட இருக்காது. எண்ணுததயும் நிறுத்திட்டு, கண்ண எறுக்கி மூடிக்கிட்டேன்.

வலது காதுல குண்டா வந்துச்சு, அமுக்குனேன். மெல்லிசா வந்துச்சு, அமுக்குனேன். ஒண்ணு ரெண்டு போயிருக்கும். அப்புறம் இடது காது. குண்டு சத்தம் நாலஞ்சு வந்துச்சு, எல்லாத்துக்கும் அமுக்குனேன். அதுக்கு அப்புறம் அந்தப் பொண்ணு நிறுத்திட்டு. எழுதுது போலன்னு நெனச்சேன். தண்ணி குடிக்குது போலன்னு நெனச்சேன். கண்ணத் தெறக்கக் கூடாதுன்னு பிடிவாதமாக் காத்துக்கிட்டே இருந்தேன்.

கதவு தெறந்து காத்து மொகத்துல பட்டுச்சு. அந்தப் பொண்ணு ஹெட்போனக் கழத்தி, "முடிஞ்சிட்டு சார்"னுச்சு.

"இடது காதுல கீச்சுச் சத்தம் போடவே இல்லையேம்மா. அத எப்பப் போடுவ?"

அது என்னப் பாத்த பார்வையில இருந்தே தெரிஞ்சிட்டு. "போட்டேன் சார். இவ்வளவு நேரமும் அதத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன். மெஷின்ல உள்ள கடைசி அளவு வரைக்கும் போட்டுட்டேன்."

டாக்டர் என்னத்தையோ நீளமாச் சொன்னாரு. தலைய ஆட்டிட்டு, 'கப்பலுக்கு ஆகாது'ன்னு எழுதுன பேப்பர மடிச்சுப் பையில வச்சுக்கிட்டு வந்துட்டேன். அன்னைக்குக் கடற்கரை ரோட்டுல சுத்தல. நேர வீட்டுக்கு வந்தேன்.

அவ வாசல்லயே நின்னா. என் மொகத்தப் பாத்தா, எல்லாம் தெரிஞ்சிட்டு. வெரலக் குவிச்சு வாய்ட்ட கொண்டு போனா, சாப்பிட வாங்கன்னு. அந்தக் கையப் பிடிச்சு எறக்குனேன்.

"வாயால சொல்லுளா. இனிமே எனக்குச் சாடை காட்டாத. இந்தப் பக்கம் வந்து சொல்லு."

அவ என் வலது பக்கம் வந்தா. தோளப் பிடிச்சுக்கிட்டா. அப்புறம் காதுக்குப் பக்கத்துல வந்து, மூணு வருஷமா கேக்காதத, அதே பழைய கேலிக் கொரல்ல கேட்டா.

"என்ன, சங்கு குளிச்சிட்டு வாறியளா?"

"ஆமாளா"ன்னேன். "குளிச்சிட்டு வந்துட்டேன். சோத்தப் போடு."